கொஞ்சம் நிலம், சில நண்பர்கள்

ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு எனக்கு வேலை கிடைத்த பள்ளிக்கூடம், இராமநாதபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் இருந்தது. சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமம். வேலைக்கு அனுப்ப அய்யாவுக்கு மனமில்லை. அனுப்பாமல் இருக்க வழியும் இல்லை. மிளகாய்ச் செடி மூன்று வருஷமாகக் கருகிக்கொண்டிருந்தது. கடைசியில், புருஷனை இழந்து எங்கள் வீட்டோடு இருந்த அத்தையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி அது. ஆறாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் உண்டு. அங்கிருந்த நான்கு ஆண் ஆசிரியர்களும் இங்கிலீஷ் பாடத்தை ஒருவர் தலையில் ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்ததும் மூன்று வகுப்பையும் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். பேசச் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இலக்கணம் மனப்பாடம். அதிலும் ஒரு பாடத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்திருந்தேன். எண்ணக்கூடிய பெயர்ச்சொல், எண்ண முடியாத பெயர்ச்சொல் என்கிற பாடம்.

தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் ஆடுகள், இரண்டுக்கும் ஒரே கொஞ்சம்தான். இங்கிலீஷில் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. எண்ண முடியாததற்கு லிட்டில், எண்ணக்கூடியதற்கு ஃபியூ. தண்ணீருக்கு மச், ஆட்டுக்கு மெனி. எண்ண முடியாத பெயருக்கு 'எ' என்கிற ஒற்றை எழுத்தைச் சேர்க்கக் கூடாது. பன்மைக்கும் சேர்க்கக் கூடாது. பயிற்சிப் பள்ளியில் இதைக் கட்டம் போட்டு எழுதித் தந்தார்கள். அந்தக் கட்டத்தை நான் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன்.

தலைமையாசிரியர் மேலதிகாரிக்கு எழுதும் கடிதங்களில் 'ஃபர்னிச்சர்ஸ்' என்றும் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்றும் எழுதுவார். நான் பணிவாகப் போய், "சார், அதுக்கு எஸ் வராது," என்பேன். அவரும் பணிவாக அந்த எழுத்தை அடித்துவிடுவார். ஒரு நாள் வகுப்பில், உப்பு எண்ண முடியாதது என்று சொன்னேன். ஒரு பிள்ளை எழுந்து, "எங்க அய்யா வாலிநோக்கத்து உப்பளத்துல உப்பத்தான் எண்ணுறாரு டீச்சர்," என்றது. "அது மூட்டை. மூட்டைய எண்ணலாம், உப்ப எண்ண முடியாது," என்றேன். பிள்ளை யோசித்துக்கொண்டே உட்கார்ந்தது. அன்று வீட்டுக்கு வந்து இதை அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன்.  அவருக்கு என் படிப்பின் மேல் பெரிய மரியாதை இருந்தது. அந்த ஊரில் எல்லோருக்கும் இருந்தது. கெடுதல் அதில்தான் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் குடியிருந்தது ஒரு முஸ்லிம் குடும்பத்து வீட்டை ஒட்டிய சின்னப் பகுதியில். இரண்டு கொல்லைகளுக்கும் நடுவில் இருந்த சுவரில் ஒரு ஒற்றைக் கதவு உண்டு. அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது கூடுதல். அக்காவை ராத்தா என்னும் ஊர் வழக்கப்படி நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்பார். மாமனாரும் மாமியாரும் நாலு வயது மகளும் அவரோடு இருந்தார்கள். புருஷன் சிலோனில், கண்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கூட்டாளியோடு சேர்ந்து ஜவுளிக்கடை வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அந்தத் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். ஆண்கள் அக்கரையில், பெண்கள் இக்கரையில்.

மாலையில் பள்ளி விட்டு வந்ததும் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ராத்தா வருவார். ஓலைப் பெட்டி முடைந்துகொண்டே பேசுவார். நான் நோட்டுத் திருத்துவேன். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அரபு ஓதத் தெரியும். இங்கிலீஷ் எழுத்துகளைப் பார்த்து, "எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு," என்பார். எனக்கு அந்த ஊரில் அவரைத் தவிர வேறு சிநேகிதம் இல்லை.

நான் அங்கே போன மறு வருஷம் ராத்தாவின் மாமனார் மவுத்தானார். தந்தி போய், புருஷன் கப்பலேறி வந்தார். சாவுச் சடங்குகள் முடிந்து கிளம்பும் சமயத்தில் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. மூன்று மாசம் படுக்கை. எழுந்து நடமாடியபோது, திரும்பி வரலாம் என்று பெர்மிட்டில் எழுதியிருந்த கெடு தாண்டிவிட்டது. சிலோனில் அப்போது புதுச் சட்டங்கள் வந்து, பிரஜை இல்லாதவர்கள் உள்ளே போவது கெடுபிடியாகியிருந்தது. மண்டபத்தில் சிலோன் சர்க்கார் வைத்திருந்த முகாமில் பெர்மிட்டைப் பார்த்து முத்திரை குத்தினால்தான் தனுஷ்கோடியில் கப்பலேற முடியும். கெடு தாண்டியவர்கள் கொழும்புக்கு மனுப் போட்டு, புதிதாக அனுமதி வாங்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ராத்தாவிடம், "அண்ணன் எங்கன கெளம்பிட்டாக?" என்று கேட்டேன்.

"ராம்நாட்டுக்கு டீச்சர். அங்கன ஒரு வக்கீல் குமாஸ்தா இருக்காராம். மனு இங்கிலீஷ்லதான் எழுதணுமாம்."

"இதுக்குப் போயி பஸ் ஏறணுமா? நான் எழுதித் தாரேன்."

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

அவர் தயங்கினார். "தங்கச்சிக்கு எதுக்குச் சிரமம்?" என்றார். சிரமம் இல்லை என்றேன். அவர் ராத்தாவைப் பார்த்தார். ராத்தா, "டீச்சரு எட்மாஸ்டருக்கே திருத்திக் குடுக்குறவுக," என்றார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

அவர் முன்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்தார். ராத்தா நிலைக்கு உள்ளே நின்றார். நான் மேசையில் காகிதத்தை விரித்துக்கொண்டேன். பதினான்கு வயதில் வாப்பாவோடு அக்கரைக்குப் போனது, எடுபிடி வேலை பார்த்தது, பிறகு கடை போட்டது எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் அவர் குரலைத் தாழ்த்தி, அழுத்திச் சொன்னார்.

"எனக்கு அங்கன கொஞ்சம் நெலம் இருக்கு. தென்னந்தோப்பு, எம் பேருலயே. எனக்காக வந்து சொல்லக்கூடிய நாலு சேக்காளிகளும் இருக்காக. சிங்களவுகளும் அதுல உண்டு. இதுதான் முக்கியம் தங்கச்சி. நமக்கு அங்கன பிடிமானம் இருக்குன்னு காட்டணும். இல்லாட்டி விட மாட்டாக."

"நெலம் எவ்வளவுண்ணே?"

"பத்திரம் அங்கன கடையில கெடக்கு. அளவு சரியாச் சொல்லத் தெரியல. கொஞ்சம்னு போடுங்க."

"சேக்காளிக நாலே பேருதானா?"

"ஆறேழு பேரு வருவாக. நாலுன்னு எண்ணிப் போட்டுறாதீங்க."

நான் எழுதினேன். 'ஐ ஹேவ் எ லிட்டில் லேண்ட் அண்ட் எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ் இன் சிலோன்.' எங்கோ படித்த ஞாபகத்தில் கை அப்படித்தான் முதலில் எழுதியது. பிறகு, திருத்துகிறவளின் கண்ணோடு அதை மறுபடி பார்த்தேன். லேண்ட் எண்ண முடியாதது. அதற்கு லிட்டில் போட்டது சரி. ஆனால் 'எ' எப்படி வரும்? ஃப்ரெண்ட்ஸ் எண்ணக்கூடியது. அதற்கு ஃபியூ சரி. ஆனால் அது பன்மை, அதற்கும் 'எ' வரக் கூடாது. நல்லவேளை கண்ணில் பட்டது என்று நினைத்து, இரண்டு 'எ'யையும் அடித்தேன். அதன் பிறகு முழு மனுவையும் நீளத் தாளில் அடித்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். எழுத்து முத்து மாதிரி இருக்கிறது என்றார். ராத்தா எனக்குப் பாலில்லாத டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார்.

இரண்டு மாசம் கழித்துப் பதில் வந்தது. அதைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்தார்கள். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். மனுதாரரே தமக்குச் சிலோனில் லிட்டில் லேண்டும் ஃபியூ ஃப்ரெண்ட்ஸும் இருப்பதாகத் தெரிவித்திருப்பதால், அனுமதி தர இயலாது. திருப்தியில்லை என்றால் ஒரு மாசத்துக்குள் மறுபடி எழுதலாம்.

எனக்கு ஒரு கணம் குழப்பமாக இருந்தது. நிலமும் நண்பர்களும் இருப்பதால் அனுமதி இல்லை என்று ஏன் சொல்கிறார்கள்? சர்க்கார் இங்கிலீஷ் சுற்றி வளைத்துத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

"அப்ப நெலம் இருக்குறது குத்தமா?" என்று அவர் கேட்டார்.

"வெளியூர்க்காரவுக நெலம் வாங்குனது அவங்களுக்குப் பிடிக்கல போலண்ணே."

அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு, "இத ராம்நாட்டுக்குக் கொண்டுபோயி ஒருதரம் காட்டிட்டு வரவா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. "என் இங்கிலீஷ்ல தப்பு இல்லண்ணே," என்றேன்.

"அய்யய்யோ, தப்புன்னு நான் சொல்லல தங்கச்சி," என்று அவர் பதறினார். என் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் குமாஸ்தாவைப் பற்றிப் பேசவே இல்லை. என் மனம் நோகக் கூடாது என்பதற்காகத்தான் அவர் போகாமல் இருந்தார். அவ்வளவு நாகரிகமான மனுஷர்.

இரண்டாவது மனுவையும் நானே எழுதினேன். நிலம் வாங்கியது நேர்மையான முறையில்தான், நண்பர்கள் எல்லோரும் கண்ணியமானவர்கள் என்று இரண்டு வரி சேர்த்தேன். அதற்கு முன்னால் அதே வாக்கியத்தை மறுபடி எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேன்.

இந்தத் தடவை மூன்றே வாரத்தில் பதில் வந்துவிட்டது. இரண்டு வரி. முன்பு சொன்னதே முடிவு, இனி எழுத வேண்டாம் என்று இருந்தது.

அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஆளே மாறிப்போனார். சிலோன் கூட்டாளியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தமிழில் எழுதியிருந்ததால் ராத்தாவே படித்தார். நாங்கள் ஏழு பேர் சாட்சி சொல்லத் தயாராக இருந்தோம், எங்களை யாரும் கூப்பிடவில்லை, ஏன் என்று தெரியவில்லை என்று அதில் இருந்தது. அவர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். வாலிநோக்கத்து உப்பளத்தில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பாத்திகளின் வெள்ளை வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. இருபது வருஷம் கடைக்குள் நிழலில் நின்றவர். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வீட்டுக்கு வருவார். மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு தை மாசம், செவ்வாய்க்கிழமை மத்தியானம், வாலிநோக்கத்துக்கு என்று சொல்லி ஒரு துணிப்பையோடு கிளம்பினார். நான் சாப்பாட்டு மணிக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். வாசலில் என்னைப் பார்த்து, "வாரேன் தங்கச்சி," என்றார். அந்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை.

பத்து நாள் கழித்து ராத்தா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். முடைவதற்கு ஓலை கொண்டுவரவில்லை.

"அவுக எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாக டீச்சர்."

"எங்கன?"

"தோணியில."

அனுமதி இல்லாத ஆட்களை அக்கரையில் இறக்கிவிடும் படகுகளுக்கு எங்கள் பக்கம் கள்ளத்தோணி என்று பெயர். வாலிநோக்கத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் எங்கெங்கோ இருந்து அவை கிளம்பும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏறியவர்களில் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

அந்தத் தோணியைப் பற்றி மூன்று விதமாகப் பேசினார்கள். பாறையில் தட்டிக் கவிழ்ந்துவிட்டது என்று ஒரு பேச்சு. ஏதோ ஒரு மணல் தீவில் ஆட்களை இறக்கி, இதுதான் சிலோன் என்று சொல்லிவிட்டுத் தோணிக்காரன் திரும்பிவிட்டான் என்று ஒரு பேச்சு. அக்கரைப் போலீஸ் பிடித்து முகாமில் அடைத்துவிட்டது என்று இன்னொன்று. மூன்றாவதைத்தான் ராத்தா நம்பினார். நானும் நம்பினேன். சிலோனில் இருந்த கூட்டாளியும் விசாரித்துப் பார்த்துவிட்டு, எந்த முகாமிலும் அந்தப் பெயரில் ஆள் இல்லை என்று எழுதினார். கள்ளத்தோணியில் போகிறவன் சொந்தப் பெயரைச் சொல்ல மாட்டான் என்று ராத்தா சொன்னார். அப்படியே வருஷங்கள் போயின.

ஜமாஅத்தில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மவுத்து என்று சொல்லச் சாட்சி இல்லை. உயிரோடு இருக்கிறார் என்று சொல்லவும் சாட்சி இல்லை. புருஷன் இறந்தவள் சில மாசம் துக்கம் காக்கும் இத்தாவை இருக்கச் சொல்ல அவர்களுக்கு வழி தெரியவில்லை. மறுமணத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ராத்தாவும் எழுப்ப விடவில்லை. மாமியார் படுக்கையில் விழுந்து இறந்துபோனார். மகள் என் பள்ளியில்தான் படித்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஆறாம் வகுப்புக்கு அனுப்புங்கள், இங்கிலீஷ் நான் சொல்லித் தருகிறேன் என்று ராத்தாவிடம் மன்றாடினேன். "வாப்பா இல்லாத புள்ள, வெளிய தெருவ அனுப்ப முடியாது டீச்சர்," என்றார்.

ஒரு கோடை விடுமுறையில், இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு இராமநாதபுரத்தில் மூன்று வாரம் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். நானும் போனேன். மதுரையிலிருந்து வந்த ஒரு விரிவுரையாளர் வகுப்பெடுத்தார். இரண்டாவது வாரத்தில், நான் கெட்டி என்று நினைத்திருந்த அந்தப் பாடம் வந்தது. கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் பலகையில் இரண்டு வாக்கியம் எழுதினார். ஒன்று, 'தேர் இஸ் லிட்டில் வாட்டர் இன் த பாட்.' இன்னொன்று, 'தேர் இஸ் எ லிட்டில் வாட்டர் இன் த பாட்.' திரும்பி நின்று, "இதுல எந்த வீட்டுல கொடத்த எடுத்துக்கிட்டுக் கெணத்துக்குப் போகணும்?" என்று தமிழில் கேட்டார்.

 அவரே சொன்னார். 'எ லிட்டில்' என்றால் கொஞ்சம் இருக்கிறது. 'எ' போய்விட்டால் ஏறக்குறைய இல்லை என்று அர்த்தம். எண்ண முடியாத பெயருக்கு 'எ' வராது என்று எல்லோரும் படித்திருப்பீர்கள், ஆனால் இந்த 'எ' பெயருக்கு உரியது அல்ல, லிட்டிலோடு சேர்ந்தது, அதை அடித்தால் பொருள் தலைகீழாகிவிடும் என்றார்.

நான் எழுந்து நின்றேன். "சார், ஃபியூவுக்கும் இப்படித்தானா?"

"அதே கததாம்மா. எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்னா சில பேர் இருக்காங்க. ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்னா நாதி இல்லன்னு அர்த்தம்."

அவர் வேறு உதாரணம் தேடாமல் அதைச் சொன்னதற்கு ஒரு காரணமும் இல்லை. இலக்கணப் பாடத்தில் எல்லோரும் சொல்வதுதான். நான் உட்கார்ந்தேன்.  சாயங்காலம் வரைக்கும் வகுப்பில்தான் இருந்தேன். என்ன நடத்தினார்கள் என்று தெரியாது.

சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். வழியெல்லாம் ஒரே நினைப்புதான். நான் அடித்தது வரைவுத் தாளில். நல்ல தாளில் எழுதும்போது பழக்கத்தில் 'எ' போட்டிருக்கலாம். போட்டிருப்பேன். பஸ் இறங்குவதற்குள் போட்டதாகவே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

கொல்லைக் கதவு வழியாகப் போய், சிலோன் சர்க்கார் அனுப்பிய பழைய கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். ராத்தா ஏன் என்று கேட்கவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். நான் எழுதிய வாக்கியத்தை அப்படியே எடுத்துக் காட்டியிருந்தார்கள். 'எ' இல்லை. இரண்டு இடத்திலும் இல்லை. மனுதாரருக்கு நிலமும் இல்லை, நண்பர்களும் இல்லை, அதை அவரே ஒப்புக்கொள்கிறார், ஆகவே அனுமதி இல்லை. ஒரு குழப்பமும் இல்லாத கடிதம். அவர்கள் சுற்றி வளைக்கவே இல்லை.

"என்ன டீச்சர், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

சொல்லிவிட்டேன். சொல்லாமல் போயிருக்கலாம். அப்போது அது தோன்றவில்லை. அந்தப் பாரத்தோடு ஒரு ராத்திரி இருக்க முடியாது என்று மட்டும் தோன்றியது.

அவருக்கு முதலில் புரியவில்லை. "ரெண்டும் கொஞ்சந்தானே டீச்சர்?" என்றார்.

"இல்ல ராத்தா. ஒண்ணு கொஞ்சம் இருக்குன்னு சொல்றது. இன்னொண்ணு இல்லன்னு சொல்றது."

"நீங்க எது எழுதுனீக?"

"இல்லன்னு."

அவர் என் கையிலிருந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் அதில் எந்த எழுத்தையும் படிக்க முடியாது.

"ரெண்டாவது தடவையுமா?"

"ரெண்டாவது தடவையும்."

ராத்தா, "இத எதுக்கு எங்கிட்டச் சொன்னீக?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியணும்ல ராத்தா."

"எனக்கு எதுக்குத் தெரியணும்? இத்தன வருஷமா, அல்லா நாடுனது இதுதான்னு கெடந்தேன். அது எனக்குப் போதுமா இருந்துச்சு."

 மன்னித்துவிடுங்கள் என்று சொல்லக்கூட எனக்கு வரவில்லை. அவர் கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, பெட்டிக்குள் வைத்து மூடினார். "அவ தூங்குறா, எந்திரிச்சா இதையெல்லாம் கேப்பா. நீங்க வீட்டுக்குப் போங்க," என்றார். மகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். தெரு முனையில் என்னைப் பார்த்தால் அந்தப் பிள்ளை கடைசி வரை சிரிக்கத்தான் செய்தாள்.

மறுநாள் கொல்லைக் கதவு அந்தப் பக்கம் தாழிட்டிருந்தது. ராத்தா என்னோடு சண்டை போடவில்லை. வாசலில் பார்த்தால், "சோறு ஆச்சா டீச்சர்?" என்று கேட்பார். ஆச்சு என்பேன். அவ்வளவுதான். அத்தை என்னவென்று துருவித் துருவிக் கேட்டார். சொன்னேன். அவரும், "ஒத்த எழுத்துக்கா?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு என் நோட்டுகளை அடுக்கி வைப்பதை நிறுத்திவிட்டார்.

'எ' போட்டிருந்தால் அனுமதி கிடைத்திருக்குமா என்று பிற்பாடு பலரிடம் விசாரித்திருக்கிறேன், யாருக்கு என்று சொல்லாமல். அந்தக் காலத்தில் சரியாக எழுதிய மனுக்களையும் எத்தனையோ திருப்பி அனுப்பினார்கள் என்று சொன்னார்கள். அது உண்மையாகத்தான் இருக்கும். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அந்த ஏழு பேரைக் கூப்பிடாமல் போனது எதனால் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வருஷம் கழித்து, ராத்தாவின் தம்பி தொண்டியிலிருந்து மாட்டுவண்டி கொண்டுவந்து அவரையும் மகளையும் அழைத்துப்போனார். நான் அப்போது பள்ளியில் இருந்தேன். வந்து பார்த்தபோது வீடு பூட்டியிருந்தது. சாவியை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு ஏதும் சொல்லச் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்றார் அத்தை. அந்தத் தோணியில் போன மனுஷரைப் பற்றி இன்றுவரை எந்தத் தகவலும் இல்லை. தொண்டிக்கு நான் இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. மூன்றாவது போடவில்லை.

தலைமையாசிரியரிடம் போய், இங்கிலீஷ் பாடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன்.

"உங்கள விட்டா யாரும்மா இருக்கா? எனக்கே நீங்கதான திருத்துறீங்க," என்றார்.

"எனக்குச் சரியா வரல சார்."

"எல்லாம் வரும்," என்று சொல்லிக் கால அட்டவணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் அதே பாடத்தை நடத்தினேன். லிட்டிலுக்கும் எ லிட்டிலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலகையில் எழுதும்போது பிள்ளைகள் பேசிக்கொண்டிருப்பார்கள். அதட்ட மாட்டேன். பரீட்சையில் பாதிப் பேர் 'எ'யை விட்டுவிடுவார்கள். அரை மார்க் குறைப்பேன்.

முதுகுளத்தூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிப் போன பிறகு, ஒரு நாள் பள்ளி விடும் நேரத்தில் ஒரு அம்மா வாசலில் காத்திருந்தார். காட்டு வேலை முடித்து நேராக வந்திருந்தார்; சேலை முனையில் மிளகாய் வற்றல் நெடி. மகன் மலாயாவில் தோட்ட வேலைக்குப் போனவன், அவனைப் பற்றி விசாரித்து அங்குள்ள ஆபீசுக்கு இங்கிலீஷில் ஒரு கடுதாசி எழுத வேண்டும் என்றார். மடித்த வெள்ளைத் தாளும் உறையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"எனக்கு அவ்வளவா இங்கிலீஷ் தெரியாதும்மா," என்றேன்.

"நீங்கதான் இங்கிலீஷ் டீச்சருன்னு சொன்னாக."

"பாடம் மட்டுந்தான் நடத்துவேன். கடுதாசி எழுத வராது. ராம்நாட்டுல யாராச்சும் எழுதுவாக."

"அம்புட்டுத் தூரம் போயி நான் யாரத் தேடுவேன்?" என்றார் அவர். சிறிது நேரம் நின்றார். நான் கையிலிருந்த நோட்டுகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு அவர் தாளையும் உறையையும் இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கம் போகாமல், தன் ஊர்ப் பாதையிலேயே திரும்பி நடந்தார்.